நச் அக்காவின் கால் கட்டைவிரல்

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. யாரும் அதைப் படித்ததில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே குறுகலான படி ஏறினால் நச் அக்காவின் தையல் கடை. அவர் தைத்த துணி உடம்பில் நச்சென்று உட்காரும், அதனால் அந்தப் பெயர். பாதிப் பேருக்குத் தங்களுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே அக்காவிடம் தைத்த பிறகுதான் தெரிந்தது.

அக்காவிடம் ஒரு பிடிவாதம். தைத்ததை மடித்துக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டார். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வந்தால் விட்டுவிடுவாரா? உட்காரச் சொல்வார், குனியச் சொல்வார், மேல்தட்டில் இருக்கும் நூல்கண்டை எட்டி எடுக்கச் சொல்வார். யாராவது முகம் சுளித்தால், "கண்ணாடி முன்னாடி நிக்கிறதுக்கா துணி தைக்கிறோம்?" என்று ஒரே போடாகப் போடுவார்.

இத்தனை கறாரான மனுஷிக்கு ஒரு ரகசியம் இருந்தது. கடை திறக்கும் முன் ஓடப் போவார். என்றோ ஒருநாள் பஸ்ஸைத் துரத்தி ஓடினார். பஸ் போய்விட்டது, ஓட்டம் ஒட்டிக்கொண்டது. மேம்பாலம் ஏறி இறங்கி, தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்புவார். வீட்டிலும் சரி, கடையிலும் சரி, விடிந்து எழுந்தால் "அக்கா, ரெடியா?", "அம்மா, ரெடியா?" என்ற கேள்விதான். அது காதில் விழாத ஒரே நேரம் இந்த ஓட்டம். அது அவருக்கே அவருக்கென்று இருந்த நேரம். ஓடுகிறேன் என்று சொன்னால் இந்த வயதில் உனக்கு எதற்கு என்பார்களே என்று, கடை திறக்கத் தாமதமானால் "நூல் வாங்கப் போயிருந்தேன்" என்று சமாளிப்பார். அப்படி வாங்கிய நூலையெல்லாம் சேர்த்தால் மேம்பாலத்தையே கட்டிப் போடலாம்.

தேய்ந்துபோன பழைய ஷூவில் எத்தனை நாள்தான் ஓடுவது? நல்லதாக ஒன்று வாங்க முடிவு செய்தார். தையல்காரி அல்லவா, ஒரு காலைப்பொழுதில் மிஷின் நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை முழங்கால்மேல் தூக்கி வைத்து, குதிகாலிலிருந்து விரல்நுனி வரை டேப்பைப் பிடித்து அளந்தார். அந்த அளவுக்குச் சரியான நம்பரைச் சொல்லி ஷூவை வரவழைத்தார். வந்தது. மாட்டினார். நச்சென்று இருந்தது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேம்பாலம் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி, கட்டைவிரல் ஷூவின் நுனியில் போய் முட்டியது. மறுநாளும் முட்டியது. புது ஷூ, போகப் போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டார். பழகியது வலிதான். வலது கால் கட்டைவிரல் நகம் சிவந்து, பிறகு கன்னங்கரேலென்று ஆனது. மிஷின் பெடலை அழுத்துவதே அந்த விரல்தான். அழுத்தினால் உயிர் போனது; தையல் கோணல்மாணலாக ஓடியது.

"நகத்துக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு" என்றார் டாக்டர். "தானா விழுந்து புதுசா வளரும். வலி போறவரைக்கும் ஓடாதீங்க. மறுபடி அடிபடாம பாத்துக்கங்க."

கூடப் போயிருந்த கணவருக்கு ஓட்டம் விஷயம் அப்போதுதான் தெரிந்தது. வெளியே வந்ததும் ஆரம்பித்தார். "பேசாம ஓடுறத விட்டுடேன். பெடலை மிதிக்கலன்னா கடை என்னாகும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஷூவைக் கடையில் வெட்டுமேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, கீழே ஜெராக்ஸ் கடைக்குக் கேட்காமல் கொஞ்சம் அழுதார். நகத்துக்காக இல்லை.

அந்த வாரம் கணவரின் தங்கை வந்தாள். வங்கியில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். அவளுக்குத் தைத்த பேண்ட் ரெடியாக இருந்தது. போட்டுக்கொண்டு வந்தாள்.

"உட்காரு."

உட்கார்ந்தாள்.

"குனி."

"அண்ணி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளை விடுங்க."

"குனிஞ்சாத்தானே தெரியும்!"

குனிந்தவள் கண்ணில் ஷூ பட்டது. நகம் கறுத்த கதையை அண்ணன் சொல்லியிருந்தார்; ஷூவை இழுத்து எடுத்தாள். "இதையும் போட்டு, குனிஞ்சு, நிமிந்து, ஏறி இறங்கிப் பாத்துத்தான் வாங்கினீங்களா?"

"இல்ல... டேப்பு வச்சு அளந்தேன். உட்கார்ந்துகிட்டு."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்குச் சுரீரென்றது.

அவள் போனதும், அக்கா துணி வெட்டும் காகிதத்தைத் தரையில் விரித்து அதன்மேல் ஏறி நின்றார். நாள் முழுக்கப் பெடல் மிதித்து, படி ஏறி இறங்கி வீங்கிய சாயங்காலப் பாதம். சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டார். ஷூவுக்குள் இருந்த அட்டையை உருவி அதன்மேல் வைத்தார். விரல் பக்கம் கோடு அட்டைக்கு வெளியே நின்றது. துணிக்குத் தையலுக்காக விடும் இடத்தைக்கூடத் தன் காலுக்கு விடவில்லையே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே ஓடும்போது போடும் சாக்ஸோடு ஷூ கடைக்குப் போனார். ஒரு நம்பர் கூடுதலாக வேண்டியிருந்தது. சின்னப் பாதம் என்ற பெருமையை அங்கேயே விழுங்கினார். எழுந்து நின்று, நீளமான விரலுக்கு முன்னால் கை கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். விரல்களை உள்ளே ஆட்டினார். லேஸை இறுக்கி, குதிகால் கழன்று வருகிறதா என்று நடந்தார். பிறகு கடையின் படிக்கட்டில் ஏறி இறங்க ஆரம்பித்தார்.

"போதும் மேடம், உங்களுக்கு நல்லாருக்கு" என்றார் கடைக்காரர்.

"நிக்கிறதுக்கா ஷூ வாங்குறோம்?" என்றார் அக்கா, இறங்கிக்கொண்டே.

வலி போகும்வரை பொறுத்திருந்தார். கறுத்த நகம் ஒருநாள் மிஷின் பெடலடியில் கழன்று கிடந்தது. வெட்டுத்துணியோடு அதையும் கூட்டித் தள்ளினார். மற்ற நகங்களை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டிக்கொண்டார். பிறகு ஒரு காலை மேம்பாலம் ஏறினார். உச்சியில் பயம் பிடித்துக்கொண்டது. இறங்கினார். விரல் முட்டவில்லை. இன்னும் வேகமாக இறங்கினார். முட்டவில்லை. சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி எங்கேயோ போய்விட்டார்.

திரும்பி வரும்போது ஜெராக்ஸ் கடை வாசலில் வாடிக்கைக்காரி ஒருத்தி காத்திருந்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன்! நூல் வாங்கப் போனீங்களா அக்கா?"

அக்கா முகத்து வியர்வையைத் துடைத்தார். வாயில் அந்தப் பழைய பதில் வந்து நின்றது.

"இல்லம்மா, ஓடப் போயிருந்தேன்" என்றார். "தினமும் போவேன். நாளையிலேர்ந்து கொஞ்சம் லேட்டா வா."