பத்தால் வகுத்து, மீண்டும் பத்தால்

கிளிசரினில் மிதக்கும் எலிக்குட்டிக்குச் சதை தெரியாது. தோலை உரித்து, மருந்தில் ஊறவைத்து, சாயம் ஏற்றிய பிறகு சதையெல்லாம் கண்ணாடியாகிவிடும். எலும்பு மட்டும் மாதுளை நிறத்தில் நிற்கும். சுண்டுவிரல் நீளத்துக்குள் ஒரு முழு உடம்பு. காலை வெயில் ஜன்னல் வழியாகத் தட்டில் விழும்போது குட்டிகள் திரவத்துக்குள் மெல்லத் திரும்பும். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். விழித்துக்கொண்டே தூங்குவதுபோல எனக்குப் பொழுது போகும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பூந்தமல்லியைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே மனைக்கற்கள் முளைத்திருந்த ஓரிடத்தில் அந்தப் பரிசோதனைக்கூடம் இருந்தது. தொழிற்சாலைகளில் புழங்கும் ரசாயனங்கள் கருவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது அங்கே வேலை. சினை எலிகளுக்கு ரசாயனத்தைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவார்கள். ஒரு கூட்டத்துக்கு அதிகமாக, ஒன்றுக்குக் குறைவாக, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். பிரசவத்துக்கு முன்பே குட்டிகளை எடுத்து, எலும்பைச் சிவக்க வைத்து என் மேசைக்கு அனுப்புவார்கள். எந்தத் தட்டு எந்தக் கூட்டத்தினுடையது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கண் தானாகவே குறையைத் தேடும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. நான் விலா எலும்புகளை எண்ணுவேன். பதின்மூன்று ஜோடி இருக்க வேண்டும். வளைந்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா, கூடுதலாக ஒன்று உண்டா என்று பார்த்து எழுதுவேன்.

அந்த ஆண்டு வந்த ரசாயனம் பிசுக்கைக் கரைத்தெடுக்கும் ஒரு கரைப்பான். எலிகளுக்கு அதைச் செலுத்தும் அறைக்குள் நுழைந்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. லேசான இனிப்பு வாடை. அக்காவின் தலைமுடியில் தினமும் மாலை வருவது.

நானும் அக்காவும் கொரட்டூரில் ஒரே வீட்டில் இருந்தோம். அக்காவின் கணவருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை. அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெறும் கையால், பிரஷ்ஷும் துணியும் வைத்து. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அப்போதுதான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

"போர்டு தொடைக்கிற சொல்யூஷன் டப்பாவுல இன்னா எழுதிகீதுன்னு பாத்துகினு வாக்கா" என்றேன்.

"இன்னாத்துக்கு? உங்க எலிங்கள குளிப்பாட்டவா?"

மறுநாள் உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுத்தெழுத்தாக எழுதி வந்து காட்டினாள். வியர்வையில் பாதி கரைந்திருந்தது. மீதி போதுமாக இருந்தது. அதே பெயர்.

அதற்குள் சில தட்டுகளைப் பார்த்திருந்தேன். மூன்று தட்டுகளில் விலா எலும்புகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கிடந்தன. ஆனால் மற்றத் தட்டுகளிலும் அங்கொன்று இங்கொன்றாகக் கோணல்கள் இருந்தன. தண்ணீர் மட்டும் குடித்த எலிக்கும் அப்படிப் பிறப்பதுண்டு. எங்கள் ஆய்வுப் பொறுப்பாளரான அம்மாளிடம் அந்த மூன்று தட்டுகளைப் பற்றிக் கேட்டேன். எல்லாத் தட்டையும் பார்த்து முடிக்காமல் எதுவும் சொல்லக்கூடாது என்றார். பிற்பாடு பத்திரிகை வேலைக்குப் போனபோது அங்கேயும் இதையேதான் சொன்னார்கள். அவர் சொன்னது சரி. ஆனால் அக்காவின் வயிறு எங்கள் தட்டுகளுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டுகளில் பார்த்ததை அவளிடம் சொன்னேன். மின்விசிறிக்கு அடியில் பாயில் படுத்திருந்தாள்.

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ இன்னாடி சொல்ல வர்ற? எலிக்கு வாயில ஊத்துறீங்கோ. நான் இன்னா அத்த குடிச்சிகினா கீறேன்?"

"தோல் வழியாவும் உள்ள போவும்க்கா."

எந்த அளவுவரை எலிக்குக் கெடுதல் தெரியவில்லையோ, மனிதருக்கு ஆபத்தில்லாத அளவைக் கணிக்க அதை எடுத்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன். மனிதர் எலி அல்ல என்பதால் அதைப் பத்தால் வகுப்பார்கள். ஒரு பெண்ணைப்போல இன்னொரு பெண் இல்லை என்பதால் மீண்டும் பத்தால் வகுப்பார்கள்.

அக்கா மேலே சுற்றும் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பத்துப் பேர்ல நான் எவ?"



"அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிகீறாங்கோ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனாலும் அந்த வாரமே சூப்பர்வைசரிடம் போய், மசக்கையில் சொல்யூஷன் வாடை குமட்டுகிறது என்று சொல்லிவிட்டாள். எலி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். மசக்கைக்கு அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. பேக்கிங்குக்கு மாற்றினார். பர்மனென்ட் தள்ளிப்போயிற்று.

நான் நிம்மதியாகத் தூங்கினேன். கனவில் அக்கா கண்ணாடியாக நடந்து போனாள். உள்ளே சிவப்பாக எதுவுமே தெரியவில்லை.

தட்டுகளின் ரகசிய எண்கள் திறக்கப்பட்டபோது அக்காவின் மகன் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தான். எந்தக் குறையும் இல்லாத பிள்ளை. ஒட்டிய விலாக்கள் அதிக அளவு கொடுத்த கூட்டத்தினுடையவை என்று அப்போதுதான் உறுதியானது. ஆனால் எங்களுக்கு முக்கியமான நாள் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

பேக்கிங்குக்குப் போன இரண்டாம் நாள் மாலை அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என் சீட்டுல வேற ஒருத்திய குந்த வெச்சிட்டாங்கோடி."

"யாரு?"

"தை மாசம் கண்ணாலம் ஆச்சே, அந்தப் பொண்ணு. என் பிரஷ்ஷையே எடுத்துகினு தொடைக்குது."

அடுத்த ஞாயிறு காலை இருவரும் கொரட்டூர் ஏரிக்கரை வழியாக அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்தோம். பனி இன்னும் தண்ணீரை விட்டு எழவில்லை. எதிர்க்கரை இல்லாததுபோல இருந்தது. மின்சார ரயிலின் சத்தம் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்து போனது. வயிற்றில் ஒரு கையை வைத்தபடி அக்கா மெதுவாக நடந்தாள்.

"நீயே சொல்லு. படிச்சவ நீதான்" என்றாள். "ஆனா எலின்னு ஆரம்பிக்காத. வாசலோட தொரத்திடுவா."

"வேற எதிலேர்ந்து ஆரம்பிக்கிறது?"

"என்னிய வெச்சி ஆரம்பி."

கதவைத் திறந்த பெண்ணின் விரல்களில் கோலமாவு ஒட்டியிருந்தது. "ஐயோ, அக்கா! இன்னா இவ்ளோ தூரம்? வாங்கோ, வாங்கோ" என்று பாயைத் தட்டிப் போட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இந்த மாசம் குளிச்சாச்சா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அக்கா என் முந்தானையை இழுத்து என்னைப் பாயில் உட்கார வைத்தாள்.