இரண்டு அணிக்கும் வேண்டிய ஜெனிவால்டோ

பிரேசிலின் ஒலிந்தா நகரில் இளநீர் விற்கும் ஜெனிவால்டோ ரொட்டி வாங்கிவர ஒரு மணி நேரம் ஆகும். கடை அடுத்த தெருவில்தான். அவரோடு எஸ்ட்ரேலா கால்பந்து அணியில் ஆடி, அந்த அணிக்காக அதிக கோல் போட்ட அடெயில்டன், ரொட்டி ஆறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். அவரை எஸ்ட்ரேலாக்காரர்கள் மட்டும்தான் நிறுத்திக் கைகுலுக்குவார்கள். ஜெனிவால்டோவை ஊரே நிறுத்தும்.

காரணம் ஒரே ஓர் உதை. மரே அணியோடு நடந்த இறுதிப் போட்டியில், தற்காப்பு வீரரான அவர் தன் கோல்கீப்பருக்குத் தட்டிய பந்து வலைக்குள் போய்விட்டது. கோப்பை மரேவுக்குப் போனது. அதன்பின் மரே எதையும் வெல்லவில்லை. ஆகவே அவர்களுடைய நன்றி இன்னும் பழசாகவில்லை. எஸ்ட்ரேலாக்காரர்களோ, மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து அவர் அழுததைப் பார்த்தவர்கள். கொஞ்ச காலம் ஏசிவிட்டு மன்னித்துவிட்டார்கள்.

புகழ் தகுதியைப் பார்த்து வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இவர் விஷயத்தில் மட்டும் ஏனோ அந்த வருத்தம் வருவதில்லை.

மரேக்காரர்கள் கார்னிவலுக்கு ஆண்டுதோறும் ஒரு ராட்சதப் பொம்மை செய்து தூக்கி ஆடுவார்கள். இந்த ஜனவரியில் அவர்கள் தலைவர் ஜோசுவெல் இளநீர் வண்டிக்கு வந்தார்.

"அண்ணே, இந்த வருஷம் உங்க பொம்மைதான். எங்க டீம் சிவப்புச் சட்டை தைக்கக் குடுத்தாச்சு."

"சிவப்பா? நான் எந்த டீமுக்குடா ஆடுனேன்?"

"எங்களுக்குத்தாண்ணே. ஊருக்கே தெரியுமே."

வண்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெனிவால்டோவும் சிரித்தார்.

"எஸ்ட்ரேலா பச்சை போட்டா தூக்குங்க. இல்லேன்னா அடெயில்டனைச் செஞ்சுக்கோங்க."

"அவரு எங்களுக்கு எதிரா அடிச்சது போதும்ணே. பச்சையை எங்க ஆளுங்க தொட மாட்டாங்க. எங்கப்பா கீரையே திங்க மாட்டாரு."

"அப்ப வேணாம்."

ஆனால் அந்தப் பொம்மைக்கு அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது அவர் மனைவி லிண்டால்வாவுக்குத் தெரியும். "வேணாம்னு சொல்லிட்டு வந்து, கண்ணாடி முன்னாடி நின்னு மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. பொம்மையில மூக்கு எப்படி வந்திருக்குமோன்னு கவலையாம்" என்றார் என்னிடம்.

மரே மன்றத்தில் வாரக்கணக்கில் சண்டை நடந்தது. வேறு பெயர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அலமாரியில் இருந்ததோ ஒரே கோப்பை. அதை வாங்கிக் கொடுத்தவரும் ஒரே ஆள்.

கார்னிவல் சனிக்கிழமை காலை, எக்காளம் முழங்க, சிவப்புச் சட்டைக் கூட்டம் மேட்டில் ஏறி வந்தது. அவர்கள் தலைக்கு மேலே, வீட்டுக் கூரை உயரத்தில், பச்சைச் சட்டை போட்ட ஜெனிவால்டோ ஆடிக்கொண்டு வந்தார். மூக்கு கொஞ்சம் அதிகம்தான். எஸ்ட்ரேலாக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

வண்டியருகே நின்ற அடெயில்டன், "இத்தனை கோல் போட்டேன்யா. எனக்கு ஒருத்தனும் ஒரு பொம்மைக் கை கூடச் செய்யல" என்றார்.

"நீ எல்லாத்தையும் தப்பான பக்கம் போட்டுட்ட" என்ற ஜெனிவால்டோ, கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினார்.

மாலைவரை அடெயில்டன்தான் இளநீர் வெட்டினார். சுமாராகத்தான் வெட்டினார்.