தழும்பு இருந்த சதுரங்கள்

சாதகம் பொருந்திவிட்டது. இனிக் கனடாவிலிருக்கும் மாப்பிள்ளைக்கு என் படம் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த எங்களுக்கு அதைவிட்டால் வேறு அலுவல் இல்லை. ஸ்டூடியோவில் எடுத்த படத்தோடு அம்மா என்னைக் காலி வீதியில் வெளிநாட்டுக்கு ஃபோன் பேசவும் ஈமெயில் அனுப்பவும் இருந்த கொம்யூனிகேஷன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே வேலை செய்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் படத்தை ஸ்கேன் செய்து திரையில் போட்டார். அம்மா உடனே என் இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பைக் காட்டி, அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். ஊரில் எங்கள் வீட்டு வளவுக்குள் விழுந்த ஷெல்லின் துண்டு கிழித்த இடம் அது.

அந்த அண்ணன் படத்தைப் பெருப்பித்துக்கொண்டே போனார். என் முகம் குளியலறைத் தரைபோலச் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்தது. கம்ப்யூட்டருக்குள் முகம் என்று ஒன்றும் கிடையாது, சதுரத்துக்குச் சதுரம் நிறத்தைச் சொல்லும் எண்கள்தான் இருக்கின்றன, அவற்றைப் படித்துத்தான் திரை ஒளிர்கிறது என்றார். சொல்லிக்கொண்டே தழும்பிருந்த சதுரங்களுக்குப் பக்கத்துத் தோலின் எண்களைக் கொடுத்தார். படத்தை மறுபடி சிறிதாக்கினால், சீ, யாரோ ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எயார்போட்டில என்னைக் கண்டிட்டு, இது வேற பெட்டை எண்டு மாப்பிள்ளை சொன்னால் என்னம்மா செய்வீங்கள்?"

"அவ்வளவு தூரம் போனாப்பிறகு திருப்பி அனுப்பமாட்டினம்," என்றார் அம்மா. மனுசி எல்லாம் யோசித்துத்தான் வந்திருக்கிறார்.

சேமித்துவிட்டால் பழைய எண்கள் போய்விடும், அதுவரை திருப்பலாம் என்று அந்த அண்ணன் சொல்லியிருந்தார். திருப்பச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்துத் தயங்கினார். முகம் என்னுடையது, நான்தான் சொல்கிறேன் என்றேன். விசையைத் தட்டினார்.

மழமழவென்றிருந்த நெற்றியில் காயம் ஒரே கணத்தில் வந்து விழுந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஷெல் விழுந்த அன்றும் இப்படித்தான், புகைக்குள்ளிருந்து வந்த என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்தினார். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரையைப் பார்த்தபடியே அம்மா கண்ணைத் துடைத்தார்.

"இப்பிடியே அனுப்புங்கோ தம்பி. என்ர பிள்ளை தப்பி வந்தவள் எண்டு அவையளும் பாக்கட்டும்."