காலண்டர் குருவி

தொழிற்சாலையில் ஏனோக்கின் வேலை அழிப்பது. அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ‘போட்டோ செக்‌ஷன்’ என்று திருத்துவார். மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் பச்சைத் தகட்டில் ஓடுகிற கோடுகளை முதலில் பெரிதாக வரைந்து, பிறகு கேமராவில் சுருக்கி ஃபிலிமாக எடுப்பார்கள். அந்த ஃபிலிமில் ஒரு தூசி பதிந்தாலும் தகடு பாழ். ஆகவே விளக்கு மேஜைமேல் கவிழ்ந்து, வேண்டாத புள்ளி ஒவ்வொன்றையும் பிளேடால் சுரண்டி எடுப்பார் ஏனோக். காகிதத்தில் மடித்த அரை பிளேடு ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட அதோடுதான் போவார்.

மனைவி மெட்டில்டாவுக்கு அவர் சொன்னால் வேதவாக்கு. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள், கடைக்காரனிடம் உருதுவில் சண்டை போட்டு ஜெயிக்கிறவள், வீட்டுக்குள் வந்தால் ஏனோக் சொல்வதை அப்படியே நம்புவாள். பால் கெட்டுப் போகவில்லை என்று அவர் சொன்னால் மோந்து பார்க்காமல் காய்ச்சுவாள். பிள்ளை இல்லாத வீட்டில் இருவருக்கும் அது ஒரு சொத்தாக இருந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் ஏனோக்குக்கு எல்.டி.சி. வந்தது. கம்பெனி செலவில் குடும்பத்தோடு இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்வரலாம். அதில் காஷ்மீர் போனவர்கள் உண்டு. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டு, காஷ்மீர் போய்வந்ததாகச் சொன்ன புண்ணியவான்களும் உண்டு. ஏனோக் அந்தமான் என்றார். தொழிற்சாலையின் கேமரா கிளப்பில் நீள லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி, மெட்டில்டாவின் துணிகளுக்கு நடுவே பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார். மெட்ராஸில் கப்பல் ஏறியதிலிருந்து கரை காணும்வரை அவள் வாந்தி எடுத்தாள். அவர் லென்ஸைத் துடைத்தார்.

தீவு அழகாகத்தான் இருந்தது. படம்தான் அமையவில்லை. உடும்பு ஓடிவிட்டது, நண்டு வளைக்குள் போய்விட்டது, கடல் எங்கே எடுத்தாலும் கடலாகவே இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள், தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால் ஒரு சிறு மரத்தின் கிளைக்கவட்டில் கிண்ணம்போல ஒரு கூட்டைப் பார்த்தார். அதற்குள் கண் திறக்காத இரண்டு குஞ்சுகள். தாய் நல்ல நீலம். அப்படி ஒரு நீலத்தை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் கூட்டுக்கு மேலும் முன்னாலும் இலைகள் மறைத்தன. லென்ஸ் வழியாகப் பார்த்த அவர் கண்ணுக்கு அவை இலைகளாகத் தெரியவில்லை. ஃபிலிமில் விழுந்த அழுக்காகத் தெரிந்தன. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“நக்கோங்க, வேணாங்க. அது என்னமா கத்துது பாருங்க. இலைய வெட்டாதீங்க” என்றாள் மெட்டில்டா.

“வெளிச்சம் விழ வேண்டாமா, மெட்டி? ரெண்டே நிமிஷம்.”

காம்பு காம்பாக அறுத்தார். வெயில் உள்ளே இறங்கியது. தாய்ப்பறவை கத்திக் கத்தி ஓய்ந்து கூட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன. ஏனோக் பொத்தானை அழுத்தினார். அப்போதே தெரிந்துவிட்டது, ஆயுசுக்கும் இதுபோல இன்னொன்று அமையாது என்று.

மறுநாள் மெட்டில்டா பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் போய்ப் பார்த்தார். முந்தின நாள் முழுக்க அடித்த வெயில், அவர் வெட்டிவிட்ட வழியாக நேரே கூட்டுக்குள் அடித்திருந்தது. இரண்டு குஞ்சுகளும் பிளந்த வாயோடு செத்துக் கிடந்தன. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிளையில் தாய், அலகில் ஒரு புழுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே கிடந்த வாடிய கொம்பு ஒன்றை எடுத்துக் கூட்டின்மேல் சாய்த்து வைத்தார். யாருக்காக வைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

“எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டாள் மெட்டில்டா.

“ரெண்டும் ஜோரா இருக்கு. தாய் ஊட்டிக்கிட்டு இருக்கு.”

“ஸ்தோத்திரம்” என்றாள் அவள். ராத்திரியெல்லாம் கண்ணை மூடினால் அது கத்துறதே கேட்டது என்றும் சொன்னாள். ஏனோக் குனிந்து பெட்டியைப் பூட்டினார்.

அந்தப் படம் கிளப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுவருஷக் கம்பெனி காலண்டருக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைத் தாள் காலண்டர், வருஷம் பூராவும் ஒரே படம். ஏனோக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற டீக்கடையில் அது தொங்கியது. மளிகைக் கடையில் தொங்கியது. சர்ச் ஐயர் வீட்டு வரவேற்பறையில், ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கியது. “ஆண்டவருடைய சிருஷ்டிப்பை என்ன அருமையா எடுத்திருக்கீங்க!” என்று ஐயர் கையைக் குலுக்கியபோது ஏனோக் கையை மெல்ல உருவிக்கொண்டார். மெட்டில்டா, வருஷம் முடிந்ததும் தேதிகளைக் கத்தரித்துவிட்டு, படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், “இதுங்க இப்ப பறந்து, கூடே கட்டியிருக்கும்லா” என்பாள். ஏனோக் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்.

கிளப்பில், எப்படி எடுத்தீர்கள் என்று ஒருநாள் பேசச் சொன்னார்கள். மறைக்கிற இலைகளை வெட்டி வெளிச்சத்துக்கு வழிவிட வேண்டும் என்றார். அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் கை தட்டிவிட்டார்கள். தட்டியது நின்ற பிறகும் சொல்லியிருக்கலாம். மனுஷன் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மே மாதம், அன்று கிளப்பில் அந்தப் பேச்சைக் கேட்ட, டிசைன் பிரிவு வரதராஜன் எல்.டி.சி.யில் அந்தமான் போய்வந்தார். ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமையே ஏனோக் வீட்டுக்கு வந்து, உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

“பாருங்கோ சார். எல்லாம் உங்க பிளேடு வித்தைதான். நீங்க சொல்லலேன்னா எனக்கு இது அமைஞ்சே இருக்காது.”

கிளைக்கவட்டில் ஒரு கூடு. மூன்று குஞ்சுகள். படத்தின் ஓரத்தில் புதிதாக அறுபட்ட காம்புகள். கூட்டின்மேல் பொட்டு நிழல் இல்லை.

“மறுநாள் போய்ப் பாத்தீங்களா?”

“எதுக்கு சார்? படந்தான் அற்புதமா வந்துடுத்தே!”

“போயிருக்கணும்யா! ஒரு கொம்பையாவது வச்சு மூடியிருக்கணும். அந்த வெயில்ல ரெண்டும் அப்படியே வாயத் தொறந்தபடி…”

ஏனோக் நிறுத்திக்கொண்டார்.

“ரெண்டு இல்லியே, மூணுன்னா இருக்கு” என்றார் வரதராஜன்.

காபித் தட்டோடு வந்த மெட்டில்டா நின்ற இடத்திலேயே நின்றாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு ஏனோக்கைப் பார்த்தாள். வந்தவருக்குக் காபியைக் கொடுத்தாள், கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்தபோது ஏனோக் நாற்காலிமேல் ஏறிப் படத்தைக் கழற்றக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

“நான் ஸ்தோத்திரம்னு சொன்னேன்” என்றாள். “நீங்க அதக் கேட்டுக்கிட்டு நின்னீங்க.”

ஏனோக்குக்கு அழுகை வந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் காதில் வாங்கவில்லை.

“அதத் தொடாதீங்க. இறங்குங்க, சாப்பிடணும்லா.”

சோறு போட்டு எடுத்து வந்தாள். வழக்கமாக வைக்கும் இடத்தில் வைக்கவில்லை. தட்டைச் சுற்றிக் கொண்டுபோய் மேஜையின் அந்தப் பக்கம், படத்துக்கு நேர் எதிரே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஏனோக் போய் அங்கே உட்கார்ந்தார்.