முள்ளுமுடிக்காரனுக்கு என் குரல்

எங்கள் வீட்டில் அந்த ஜப்பானிய வீடியோ கேமை மூன்று பேர் சேர்ந்துதான் விளையாடுவோம். மூன்று பேர் என்றதும் மூன்று கண்ட்ரோலர் என்று நினைத்துவிட வேண்டாம். இருப்பது ஒன்றுதான், அதுவும் என் கணவர் கையில். சண்டை போடுவது அவர் பொறுப்பு, கதை என் பொறுப்பு, திட்டுவது மாமியார் பொறுப்பு.

கதைக்காகவே விளையாடுகிற வகை அது. பல வருடங்களாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கும் தொடர். ஆட்கள் ஜப்பானிய மொழியில் பேசுவார்கள், அடியில் ஆங்கில எழுத்து ஓடும். மறைமலை நகரில் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற மனிதருக்கு அதைப் படிக்கப் பொறுமை ஏது? பட்டனைத் தட்டித் தட்டிப் பேச்சை எல்லாம் ஓட்டிவிடுவார். “யாரை எதுக்கு வெட்டுறோம்னு தெரியாமலே வெட்டுறீங்களே” என்று ஒரு நாள் எரிச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து நானே சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். நான்கு வரி வாசித்திருப்பேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கினார்.

“இன்னா சொல்றான் அந்த முள்ளுமுடிக்காரன்? தமிழ்ல சொல்லேம்மா.”

அதோடு மாட்டிக்கொண்டேன். நான் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள், வாயை வைத்துப் பிழைப்பவள். எனக்குச் சும்மா வாசிக்க வராது. முள்ளு முள்ளாக முடி நிற்கும் கதாநாயகனான அந்த முள்ளுமுடிக்காரனுக்கு ஒரு முணுமுணுப்பு, அவனுடைய தளபதிக்கு அடிவயிற்றுக் குரல், கூடவே வரும் பெண்ணுக்கு வெடுக்வெடுக்கென்ற பேச்சு என்று பிரித்துக்கொண்டேன். முறை வைத்தும் பேச வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்தில் முள்ளுமுடிக்காரன் தளபதியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். மாமியார் விடவில்லை. “வயசுல பெரியவன். அண்ணான்னு கூப்ட்டா இன்னா கொறஞ்சிடுவான்?” அன்றிலிருந்து தளபதி எங்கள் வீட்டில் அண்ணா. ஊரைக் கொளுத்திய வில்லனை மட்டும் என் இஷ்டத்துக்கு டேய் போட்டுப் பேசினேன்.

சீக்கிரமே ஒரு சட்டம் வந்துவிட்டது. மூன்று பேரும் கூடத்தில் இல்லாமல் கதையை நகர்த்தக் கூடாது. கணவருக்குக் கை துறுதுறுத்தால் விளையாட்டுக்குள் இருக்கும் ஆற்றில் மீன் பிடிக்கலாம், காட்டில் ஏதாவது மிருகத்தை அடிக்கலாம், அவ்வளவுதான். முதல் பாகத்தை முடிக்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முடிவில் வில்லனின் கத்தி பாய்ந்து அண்ணா பாறை உச்சியிலிருந்து கடலில் விழுந்தார். திரை கறுத்தது. பெயர்கள் ஓடின.

“செத்துட்டானா?”

“தெரியாது அத்தை. அடுத்த பாகம் வந்தாத்தான்.”

“எப்போ வரும்?”

“சில வருஷம் ஆகும்.”

அந்தக் கதையை எழுதியதே நான்தான் என்பதுபோல் என்னை முறைத்தார். “சீரியல்காரனே தேவலை. திங்கக்கெழம காட்டிடுவான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த பாகம் வரப்போகிறது என்று தெரிந்ததும் கணவர் முன்கூட்டியே பதிந்து வைத்தார். அது வருவதற்குள் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டில் என்றார்கள், எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது, எவ்வளவு பத்திரமாகச் செய்தாலும் சில பேருக்கு அது கொஞ்ச நாள் சுணங்கிப்போகும் என்று டாக்டர் முன்பே சொன்னார். நான் தலையாட்டினேன். கட்டி கெட்ட கட்டியா நல்ல கட்டியா என்கிற பயத்தில் இருந்தவளுக்கு அது காதில் ஏறவே இல்லை.

ஆபரேஷன் முடிந்தது. நல்ல கட்டிதான். அந்தச் செய்தியைக் கேட்டு “அப்பாடா” என்று சொல்லப் போனேன். காற்றுதான் வந்தது.

மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக் குரல் நாண் அசையவில்லை. நிறைய பேருக்குத் தானாக வந்துவிடும், காத்திருந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். “வரலைன்னா?” என்று என் கணவர் கேட்டார், நான் கேட்க முடியாததால். “அதுக்கும் வழி இருக்கு சார். ஆனா பழைய குரலே வரும்னு என்னால சொல்ல முடியாது.”

எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை பிள்ளைகளைப் பேசியே கட்டி மேய்த்தவள், தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோக்காரரிடம் எங்கே போக வேண்டும் என்று சொல்ல முடியாமல் நின்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கையைக் காட்டிக் கேட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகையிலும் சத்தம் இல்லை.

இதற்கு நடுவில்தான் அடுத்த பாகத்தின் டிஸ்க் வந்து சேர்ந்தது. எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று கணவர் தானே குரல் கொடுக்கப் பார்த்தார். “அவன் என்ன சொல்றான்னா… விதி… விதின்னு ஏதோ சொல்றான்மா.”

“ரயில் லேட்டுன்னு ஸ்டேஷன்ல சொல்ற மாறி கீது. நிறுத்துடா” என்றார் மாமியார். “அவ பேசட்டும். அப்புறம் பாக்கலாம்.”

“அவளுக்கு எப்ப வரும்னு டாக்டருக்கே தெரியலைம்மா.”

“வர்றப்போ வரட்டும். எனக்கு இன்னா அவசரம்? நீ போய் மீன் புடி.”

அவர் அன்பாகத்தான் சொன்னார், எனக்கும் அது தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. ஒருத்தி பேசுவதற்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? கணவர் தினமும் அதே ஆற்றங்கரையில் மீன் பிடித்தார், அதே காட்டில் அதே ஓநாய்களை அடித்தார். கதையே தொடங்காத முள்ளுமுடிக்காரன் பயில்வானாகி, ஒரே அடியில் ஓநாய் சுருண்டு விழும் நிலைக்கு வந்துவிட்டான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அலுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரகசியம் பேசுகிற மாதிரி பேசாதீர்கள், கரகரப்பாக இருந்தாலும் குரலோடு பேசிப் பாருங்கள் என்று பயிற்சி தரும் அம்மா சொல்வார். நான் பேசவில்லை. கரகரப்பாகத்தான் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கூடியவரை வாயை மூடிக்கொண்டே இருந்தேன். வேண்டியதை எல்லாம் போனில் தட்டிக் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மீன் பிடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கணவரைத் தட்டி, போ என்று திரையைக் காட்டினேன். கதை தொடங்கியது. நான் பேச ஆரம்பித்தேன். தகரத்தை இழுக்கிற மாதிரி இருந்தது. முள்ளுமுடிக்காரன், அந்தப் பெண், படகோட்டி, அரண்மனைக் காவலாளி, எல்லோருக்கும் ஒரே உடைந்த குரல். மாமியார் தரையில் நகர்ந்து நகர்ந்து என் முழங்காலை ஒட்டி வந்து உட்கார்ந்தார். வழக்கமாக வரிக்கு வரி ஏதாவது சொல்கிறவர், அன்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, நான் மூச்சு வாங்கியதும் அடுத்த பட்டனை அழுத்தினார். இடையில் காபி வந்தது, ஆறியது.

மாலையில் மீனவர் குடிசை ஒன்றில் அண்ணா கிடைத்தார். நெஞ்சு முழுக்கக் கட்டு, அசைவே இல்லை. அந்தப் பெண் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். எழுத்தில் அவள் பெரிய கூச்சல் போடுகிறாள். நானும் யோசிக்காமல், வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனை எழுப்புகிற வேகத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

“கண்ணைத் திறங்க! திறங்கன்னா!”

முதல் எழுத்து உடைந்தது. மற்றதெல்லாம் என் குரல். அசல் என் குரல், கூடத்துச் சுவரில் பட்டுத் திரும்பியது. அது கொஞ்சம் கொஞ்சமாக முன்பே வர ஆரம்பித்திருக்கும், நீங்கள்தான் தொட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. கணவர் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். திரையில் அண்ணா கண்ணைத் திறந்தார்.

மாமியார் அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருடம் காத்திருந்தவர் ஆயிற்றே என்று நினைத்தேன்.

“அத்தை, அண்ணா பொழச்சிட்டாரு” என்றேன்.

“அவன் கெடக்கிறான், வுடு” என்று என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். “நீ பேசு. இன்னொரு தபா சொல்லு.”

“என்ன சொல்றது?”

“எதுனா சொல்லு.”

சொன்னேன். ஆட்டோக்காரரைப் பற்றிச் சொன்னேன், அத்தைமேல் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னேன், நாளை காலைக்கு மாவு இல்லை என்பதைக்கூடச் சொன்னேன். போதும் என்று அவர் சொல்லவே இல்லை.