அக்கா நெஞ்சுக்குள் காத்த துக்கம்

எங்கள் அக்கா, ரெங்கம் என்ற ஊரின் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். தெப்ராவ் நகரத்துத் தொழிற்சாலையில் உழைத்து என்னைப் படிக்க வைத்தவர். எனக்குப் பெண் கொடுக்க ஓர் ஏமாந்த குடும்பத்தையும் அவரே தேடிப் பிடித்தார். பிறகு அவரது நுரையீரல்கள் இறுகிப்போயின. மாற்றிவைக்க, இறந்துபோன ஒருவருடையவை கிடைத்தன. யாருடையவை என்று சொல்ல மாட்டார்கள்.

அறுவைக்கு முன் டாக்டர் விளக்கினார்: “புது நுரையீரலோட மூச்சுக்குழாய்க்கு ரத்தம் கொண்டுபோற சின்னக் குழாயைப் பொதுவா இணைக்கிறதில்ல. ரத்தம் பத்தலைன்னா தைச்ச இடம் ஆறாது. அக்காவோட நெஞ்செலும்புக்குப் பின்னால இருக்கிற ரத்தக்குழாயை எடுத்து அந்தச் சின்னக் குழாயில சேர்க்கப்போறோம்.”

எல்லாம் புரிந்தவன்போல் தலையாட்டிவிட்டு, வெளியே போவதாக நினைத்து, துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய் நின்றேன். அக்காவின் கணவர்தான் கண்டுபிடித்தார்.

“உள்ள என்னாடா பண்ற?”

“மூச்சு வருதான்னு பாக்குறேன் மாமா.”

அறுவைக்குப் பின் கேமராவை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். தையல்வரை அக்கா, தையலுக்கு அப்பால் வேறொருவர். கறுத்திருந்தால் அக்கா பிழைப்பது கடினம் என்று சொல்லியிருந்தார்கள். சிவந்திருந்தது. இறந்தவரின் சதை அக்காவின் ரத்தத்தில் சிவந்து, திரையில் மெல்ல விரிந்து சுருங்கியது. நான் அதற்கு வணக்கம் வைத்தேன்.

அக்கா வீடு திரும்பியதும் பூசைக்கு ஏற்பாடு செய்தேன். அவரோ விளக்கேற்ற மறுத்துவிட்டார்.

“சாவு வீட்டுல என்னாடா பூசை?”

“யாருக்கா செத்தா?”

நெஞ்சைத் தொட்டார். “என் ரத்தத்தைக் குடிச்சிக்கிட்டு இங்கயே இருக்குலா. அப்ப நம்ம வீட்டு ஆளுதானே? காரியம் முடியட்டும்.”

“ஆணா பொண்ணான்னே தெரியாதேக்கா!”

“மெதுவா பேசு. கேக்குது.”

சிரித்தேன். அதன்பின் அக்காவோடு தனியே உட்காரத் துணியவில்லை.

வீடு வந்த பதினாறாம் நாள் இலை போட்டுப் படைத்தார். அன்றுதான் அவர் ஆழமாக மூச்சுவிட்டதைக் கேட்டேன். அது அக்காவின் மூச்சுப்போல் இல்லை.

சில ஆண்டுகள் நன்றாக வாழ்ந்தார். பின்னர் சிறுநீரகங்கள் கைவிட்டன. மூச்சு மட்டும் கடைசிவரை சீராக வந்தது. என் கையைப் பிடித்துக் கேட்டார்: “நான் போயிட்டா இதுக்கு யாருடா ரத்தம் குடுப்பா?”

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர், பாடை சுமந்து சென்ற உறவினர், சமைத்துக் கொடுத்த தெப்ராவ் தோழியர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நுரையீரல் தந்தவரின், பெயர் தெரியாத அந்தக் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. உங்களைக் கேட்காமலே உங்கள் ஆளுக்கும் சேர்த்துக் கொள்ளி வைத்துவிட்டோம்; மன்னியுங்கள். சாம்பலில் எது யாருடையது என்று பிரிக்கத் தெரியவில்லை. ஒன்றாகவே கடலில் கரைத்தோம்.