ஓடாத ஷாப்டுக்கு எண்ணெய்

கல்யாணமாகி நான் சேவூருக்கு வந்தபோது மாமனாரின் மாவு மிஷின் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாக்கெட் மிளகாய்த்தூள் வந்தது, வீட்டுக்கு வீடு மிக்ஸி வந்தது, எஞ்சினும் கல்லும் விலைக்குப் போயின. சுவருக்குச் சுவர் ஓடும் இரும்பு ஷாப்ட் மட்டும் தலைக்கு மேலே மிச்சம். ஒரு காலத்தில் எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு அரவைக் கல்லைச் சுழற்றியது அதுதான். மாமனார் தினமும் காலையில் ஸ்டூலில் ஏறி அதன் பேரிங்குக்கு எண்ணெய் விடுவார். ஓடாத ஷாப்டுக்கு எண்ணெய் எதற்கு என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. புதுசாக வந்த நான் ஏன் கேட்கப்போகிறேன்?

எனக்குத் தறி போட இடம் வேண்டியிருந்தது. மிஷின் கொட்டகையைக் கேட்டேன். மாட்டேன் என்பார் என்று நானும் பஸ் கண்டக்டரான என் கணவரும் நினைத்தோம். உடனே சரி என்றார். எஞ்சின் சக்கரத்துக்குத் தோண்டிய குழியே, கால் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழி ஆயிற்று. பார்டரில் மயிலையும் மாங்காயையும் விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி நல்ல கனம். அதை மேலே ஏற்றுவது தன் பொறுப்பு என்றார். சுவரிலிருந்து இரண்டு மரச்சட்டங்களை நீட்டி, மறுமுனையை ஷாப்டின் மேல் வைத்து, இரும்புப் பட்டை போட்டு முடுக்கினார். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று ஆரணிக்குப் போய் அம்மாவிடம் பெருமையடித்தேன். அதற்குப் பிறகும் அவர் எண்ணெய் விடுவதை நிறுத்தவில்லை. இப்போது அது ஓடவே முடியாது.

மழைக்காலத்தில் சுவரில் ஊறிய மிளகாய் நெடி கிளம்பும். இரண்டு வருஷம் தும்மிக்கொண்டே நெய்தேன்.

பிறகு ஒரு சந்தன நிற முகூர்த்தப் புடவை வந்தது. முந்தி ஏறிக்கொண்டிருந்தபோது, காலையில் மாமனார் விட்ட எண்ணெயில் ஒரு சொட்டு, துருவையும் சேர்த்துக்கொண்டு, நட்டநடுவில் விழுந்தது. ஒரு டப்பா முகப்பவுடரைக் கொட்டிப் பார்த்தேன். கொட்டகை கல்யாண வீடு மாதிரி மணத்தது. கறை அப்படியே இருந்தது. பட்டு கொடுத்த முதலாளி புடவையை விரித்தார், பார்த்தார், மடித்தார், அடுத்த புடவைக்கு வரவேண்டாம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

ஷாப்ட் இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த லீவு நாளில் பழைய இரும்புக்காரரைக் கூட்டிவந்தார். மாமனார் வாசலில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரும்பு போகட்டும் என்றே நின்றேன்.

இரும்புக்காரர் ஸ்டூலில் ஏறி வெகுநேரம் பார்த்தார்.

"இத கழட்டிட்டா உங்க பொட்டி எதுல நிக்கும்மா?"

இரண்டு வருஷம் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு நாளும் தலையைத் தூக்கி யோசித்ததில்லை. இரும்புக்காரர் டீ குடித்துவிட்டு, வேறு தூண் நிறுத்திவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்று கிளம்பினார்.

"தெரிஞ்சேதான் அதுல மாட்டினீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"வெறும் ஷாப்ட வித்துடுவாங்க. தறிய விக்கமாட்டாங்கன்னு தெரியும்மா" என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எண்ணெ வுட்டதுதான் தப்பு. இனிமே வுடல" என்றார்.

சொன்னபடி விடவில்லை. காலையில் எண்ணெய்க் குப்பியோடு கொட்டகை வாசல்வரை வருவார், நிற்பார், திரும்பிப் போவார். ஒரு வாரம் பார்த்தேன். தூண் நிறுத்தும் பேச்சை நானும் எடுக்கவில்லை.

எட்டாம் நாள் அந்தக் காலி பவுடர் டப்பாவின் தலையை வெட்டி, பேரிங்குக்கு அடியில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். மாமனார் வழக்கம்போல வாசலுக்கு வந்து நின்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஏறுங்க மாமா" என்றேன்.